ஒரே கூண்டு, ரெண்டு வயிறு

போன எபிசோடுக்கு அப்புறம் உங்கள்ல சில பேர் ஒரே மாதிரி ரீல்ஸ் அனுப்பியிருந்தீங்க. மொட்டை மாடி, நாலு கோழி, நடுவுல ஒரு வெள்ளை முயல், எல்லாம் ஒரே தட்டுல சாப்பிடுது. "நீங்க ரெண்டும் வச்சிருக்கீங்களே, இது சரியா வருமா?"ன்னு கேள்வி. வரும். அந்த ஒரே தட்டு மட்டும் வேண்டாம். அதனாலதான் எங்க வீட்டுல ஒரு முயல் செத்துச்சுன்னு நான் நம்புறேன். இன்னைக்கு அந்தக் கதை.

எங்க வீடு திருவண்ணாமலையில, கிரிவலப் பாதையிலேர்ந்து ரெண்டு தெரு உள்ள தள்ளி. பின்னாடி ஒரு தகரக் கொட்டகை. அதுல அம்மாவோட நாலு சிறுவிடைக் கோழி. ஒரு நாள் அக்கா பொண்ணு அடம்பிடிச்சு, வண்டியில கூண்டு வச்சு விக்கிறவர்கிட்ட ரெண்டு முயல் வாங்கிட்டா. ஆண் ஒண்ணு, பெண் ஒண்ணுன்னு சொல்லித்தான் கொடுத்தார். ரெண்டுமே பெண். அது நல்லதாப் போச்சு, ஏன்னா முயலுக்குச் சினைக்காலம் சுமார் 31 நாள்தான், கணக்குப் போட்டுக்கோங்க. வெள்ளைக்குப் பஞ்சு, கருப்புக்கு மை. அவ ஊருக்குப் போயிட்டா, முயல் எங்ககிட்ட.

தனிக்கூண்டு கட்ட இடமில்ல. கொட்டகையிலேயே விட்டோம். ரெண்டு நாள் கோழிங்க கொத்த வந்துச்சு, முயல் ஓடி மூலையில பதுங்குச்சு. அப்புறம் ஒண்ணையொண்ணு கண்டுக்கல. சாயந்திரம் கோழி அடையிற நேரத்துலதான் முயலுக்குப் பொழுதே விடியும். ஷிப்ட் மாத்துற மாதிரி இருக்கும். நான் வீட்டுலேர்ந்து வேலை பாக்குறவ, கால் முடிஞ்சதும் அங்க போய் உக்காந்துடுவேன்.

இந்த ஊருக்கு இது புதுசும் இல்ல. ரமணாசிரமத்துக்குப் போனவங்க பாத்திருப்பீங்க, பசு லட்சுமி, மான், காகம், நாய்னு நாலுக்கும் பக்கத்துப் பக்கத்துல சமாதி. லட்சுமி இறந்தது 1948-ல. நானும் எங்க கொட்டகையைப் பாத்து அப்படி ஏதோ பெருசா நினைச்சுக்கிட்டேன்.

மாசி மாசம் ஒரு கோழி அடை உக்காந்துச்சு. 21 நாள்ல ஏழு குஞ்சு. அம்மா அதுங்களுக்குன்னு கடையில குஞ்சுத் தீவனம் வாங்கி வந்தாங்க. தட்டுல கொட்டினா குஞ்சுக்கு முன்னாடி பஞ்சு நிக்கும். நான் தள்ளிவிட்டா அம்மா, "ஏண்டி வெரட்டுற? கோழி திங்கிறத அது தின்னா என்ன ஆயிடப் போவுது?" எனக்கும் பதில் தெரியல.

ஒரு வாரம் கழிச்சு ஒரு ராத்திரி பஞ்சு கீரையை மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிச்சு. வெயில் காலம், சோர்வா இருக்கும்னு விட்டுட்டேன். காலையில கூனிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அது இருந்த மூலையில ஒரு புழுக்கைகூட இல்ல. டாக்டர்கிட்ட கொண்டு போனப்ப அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பிடுது?" நான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. மதியத்துக்குள்ள போயிடுச்சு.

அறுத்துப் பாக்கல. அதனால இதுதான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன். வீட்டுக்கு வந்து தீவன மூட்டையைத் திருப்பிப் பாத்தேன். பொடி எழுத்துல ஒரு மருந்துப் பேர். குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வராம இருக்க இப்படி மருந்து கலக்கிறது வழக்கம். கோழிக்கு அது காவல். ஆனா அந்த வகையில நராசின் மாதிரி சிலது முயலுக்கு விஷம். குதிரைக்கும் ஆகாது.

மருந்தே கலக்காத தீவனமா இருந்தாலும் முயலுக்குச் சரிப்படாது. கோழித் தீவனத்துல மாவுச்சத்து அதிகம். முயல் குடல் நார் இருந்தாத்தான் ஓடும். உள்ள கிருமிகளை வச்சு நாரைப் புளிக்க வச்சு, மெத்துன்னு ஒரு தனிப் புழுக்கையா வெளிய விட்டு, அதையே திரும்பச் சாப்பிடும். அசிங்கம்னு கூட்டித் தள்ளிடாதீங்க, அதோட சத்து அதுலதான். மாவு சேர்ந்தா அந்தக் கிருமிக் கணக்கு கெட்டு, குடல் நின்னுடும். முயலால வாந்தியும் எடுக்க முடியாது. பன்னெண்டு மணி நேரம் சாப்பிடலைன்னா அது சோர்வு இல்ல, அவசரம். நான் ஒரு முழு ராத்திரியை விட்டேன்.

அப்ப நோய் தொத்தாதான்னு கேப்பீங்க. கோழியோட ரத்தக்கழிச்சல் முயலுக்கு வராது, முயலோடது கோழிக்கு வராது, அந்தக் கிருமி இனத்துக்கு இனம் வேற. வெள்ளைக்கழிச்சலும் பறவைங்க பாடு, கோழிக்குத் தடுப்பூசி போட்டுடுங்க. ஆனா சால்மொனெல்லா ரெண்டுக்கும் பொது, நமக்கும் பொது. முயல் மூக்குல சத்தமில்லாம இருக்கிற பாஸ்டுரெல்லா இனந்தான் கோழிக்குக் காலராவும் தருது. அதுக்கு மேல, கோழி பரண்ல உக்காந்து எச்சம் போடும், கீழ முயல் படுத்திருக்கும். ஈரம் சேர்ந்தா அமோனியா நெடி. நமக்கு மூக்கு எரியுதுன்னா தரையோட தரையா இருக்கிற முயலுக்கு எப்படி இருக்கும்?

இப்ப கொட்டகை நடுவுல கம்பி வலை அடிச்சாச்சு. பரண் கோழிப் பக்கம் மட்டும். தட்டை உயரத்துல வச்சுப் பாத்தேன், மை தாவி ஏறிடுச்சு, அதனாலதான் வலை. முயல் பக்கம் தகரத்துக்கு மேல தென்னை ஓலை. நம்ம ஊர் மே மாச வெயில்ல கோழி வாயைப் பிளந்தாவது சமாளிக்கும், முயலுக்கு வேர்க்காது, காதால மட்டும் எவ்வளவு சூட்டை விடும்? மத்தியானம் பாட்டில்ல தண்ணியை உறைய வச்சு, துணி சுத்திப் பக்கத்துல வைப்பேன், ஒட்டிக்கிட்டுப் படுக்கும். சாப்பாட்டுக்கு உலர்புல்லும் அருகம்புல்லும்தான் முக்கியம். நம்ம மாவட்டத்துல கடலைக்கொடி ஈஸியா கிடைக்கும், காஞ்சது கொஞ்சம் கொடுக்கலாம், பூசணம் வாசனை வந்தா அப்படியே தூக்கிப் போட்டுடுங்க.

ஒண்ணு விட்டுட்டேன். பஞ்சு போனதும், மைக்குத் துணை கோழிங்க இருக்கேன்னு என்னை நானே சமாதானப்படுத்திக்கிட்டேன். கோழி துணை இல்ல. முயல் ஒண்ணையொண்ணு நக்கிச் சுத்தம் பண்ணும், உடம்பை ஒட்டிப் படுக்கும். கோழி அதுல எதையும் பண்ணாது. ஆறு மணிக்கு அதுங்க பரண் ஏறினதும், இந்தப் பக்கம் மை வலையோரம் வந்து உக்காந்துக்கும்.

பக்கத்து ஊர்ல ஒருத்தர் வீட்டுல ஒரு பெண் முயல் இருக்கு, அடுத்த வாரம் போய்ப் பாக்குறேன். வந்தாலும் உடனே ஒண்ணா விட முடியாது, கொஞ்ச நாள் தனியா வச்சு, அப்புறம் வலைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு பழக்கணும். அம்மாகிட்ட சொன்னேன். "அதுக்கும் சேத்து அருகம்புல் வாங்கணுமா?"ன்னு கேட்டாங்க. நேத்து பூக்கடையிலேர்ந்து ரெண்டு கட்டு வந்திருந்துச்சு. ஒண்ணு பிள்ளையாருக்கு.