விலை இறங்கும், கடன் இறங்காது
(உழவர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



உழவியல் கற்பிக்கும் நான் பங்குச் சந்தையைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் எண்ணலாம். 1929-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பங்கு விலை சரிந்தது. அதைத் தொடர்ந்து வந்த பெருமந்தம், பங்கு என்ற சொல்லையே கேட்டறியாத உழவர் பலரின் நிலத்தையும் கொண்டு போயிற்று. ஆகவே இது நமக்கும் உரிய செய்தியே ஆகும்.

சரிவு திடீரென வருவது ஏன்?

1920-களில் அமெரிக்காவில் பங்கு விலை ஏறிக்கொண்டே இருந்தது. கையில் 10 டாலர் இருந்தால் தரகரிடம் 90 டாலர் கடன் பெற்று, 100 டாலருக்குப் பங்கு வாங்க முடிந்தது. விலை 110 ஆனால் போட்ட பணம் இரட்டிப்பாகும். 90-க்கு இறங்கினால் போட்ட பணம் முழுவதும் போய்விடும். அதற்கு முன்பே தரகர் மேலும் பணம் கேட்பார். கட்டாவிட்டால் பங்கை விற்றுத் தம் கடனை எடுத்துக்கொள்வார்.

தக்காளி விலை இறங்கினால் வாங்குவோர் கூடுவர். கடனில் வாங்கிய பங்கின் விலை இறங்கினாலோ விற்போர் கூடுவர். விற்க விற்க விலை இறங்கும். இறங்க இறங்க இன்னும் பலர் விற்க நேரிடும்.

1929 அக்டோபர் 28, 29 ஆகிய இரு நாள்களில் இதுவே நடந்தது. முக்கிய நிறுவனங்களின் பங்கு விலையைக் காட்டும் டவ் ஜோன்ஸ் குறியீட்டெண் ஏறத்தாழ 23 சதவீதம் சரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் 381 ஆக இருந்த அது, 1932 ஜூலையில் 41 ஆயிற்று. பழைய உயரத்தை எட்ட 1954 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

உழவரை எட்டிய விதம்

பங்குச் சரிவு ஒன்றே பெருமந்தத்திற்குக் காரணம் அன்று. ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன. கடன் கிடைக்கவில்லை. விளைபொருளை வாங்குவோர் குறைந்தனர். அமெரிக்காவில் 1929-இல் பவுண்டுக்குச் சுமார் 17 சென்ட் விற்ற பருத்தி, 1932-இல் சுமார் 6 சென்ட்டுக்கு வந்தது.

பர்மாவில் நெல் விலை வீழ்ந்தது. கடன் பெற்ற உழவர்கள் வட்டி கட்ட இயலாமல் நிலத்தை இழந்தனர். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில், 1930-இல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம் இருந்த நிலம் ஏறத்தாழ 6 சதவீதம். 1938-இல் அது 25 சதவீதம் ஆயிற்று. கடன் கொடுத்தவர்களுக்கும் பணம் திரும்பவில்லை. விலைபோகாத நிலமே வந்து சேர்ந்தது. சென்னை மாகாணத்திலும் நெல் விலை வீழ்ந்து கடன் சுமை ஏறியது. 1938-இல் உழவர் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

பிற்காலச் சரிவுகள்

1987 அக்டோபர் 19 அன்று அதே குறியீட்டெண் ஒரே நாளில் 22.6 சதவீதம் சரிந்தது. 1929-இன் எந்த ஒரு நாளிலும் இவ்வளவு சரிவு இல்லை. எனினும் அமெரிக்க மைய வங்கி உடனே பணப்புழக்கத்திற்கு வழி செய்தது. பெருமந்தம் வரவில்லை, சுமார் இரண்டு ஆண்டுகளில் விலை மீண்டது. 2020 மார்ச்சில் கொரோனா நோயினால் வந்த சரிவு அந்த ஆண்டிலேயே சரியாயிற்று.

ஆனால் மீளும்வரை காத்திருக்க முடிந்தவர்கள் சொந்தப் பணத்தில் வாங்கியவர்களே. தவணை நெருக்கியவர்கள் அடிமட்ட விலைக்கு விற்று வெளியேறினர்.

நாம் கவனிக்க வேண்டியவை

1. நகைக்கடனோ பயிர்க்கடனோ பெற்றுப் பங்கு வாங்கக் கூடாது.

2. அடுத்த பட்டத்துச் சாகுபடிச் செலவு, பிள்ளைகளின் படிப்பு, திருமணம் ஆகியவற்றுக்கு வைத்துள்ள பணத்தைச் சந்தையில் போடக் கூடாது.

3. மஞ்சளோ பருத்தியோ நல்ல விலைக்குப் போகும் ஆண்டில், அதே விலையை நம்பிக் கடனில் நிலமோ டிராக்டரோ வாங்குவது உண்டு. வாங்குமுன், விலை பாதியானால் தவணை கட்ட முடியுமா என்று தாளில் கணக்கிட்டுப் பாருங்கள். முடியாது என்றால் அந்தக் கடன் வேண்டாம்.

சந்தை விலை எப்போது சரியும் என்று எவராலும் நாள் குறித்துச் சொல்ல இயலாது. கடன் எவ்வளவு வாங்குவது என்பது மட்டும் நம் கையில் உள்ளது.