கூடத்தில் ஒலிக்கட்டும்

இசையைத் தனித்துக் கேட்பது ஒரு வகை. கூடிக் கேட்பது மற்றொரு வகை. கோயில் திருவிழாவில் நாகசுரம் கேட்டவர்களும், கல்யாணப் பந்தலில் கச்சேரி கேட்டவர்களும், மாலை வேளையில் நகரசபைப் பூங்காவின் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து கேட்டவர்களும் கூடிக் கேட்டவர்கள். நம் முன்னோருக்கு இசை பெரும்பாலும் பலர் நடுவில் ஒலித்த ஒன்றாகவே இருந்தது. இன்றோ அது சட்டைப் பைக்குள் அடங்கிவிட்டது. ஆயிரக்கணக்கான பாடல்கள் ஒருவர் கையில் இருக்கின்றன. பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கு அவற்றில் ஒன்றும் கேட்பதில்லை. பைக்குள் அடங்கிய இசைக்கு மீண்டும் ஒரு கூடத்தை அமைத்துத் தருவது எப்படி, அதிலும் தமிழகத்தை விட்டுத் தொலைவில் வாழும் குடும்பங்களுக்கு அது ஏன் வேண்டும் என்பதைப் பற்றி இன்று நாம் சிறிது சிந்திப்போம்.

1979ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதியன்று ஜப்பானில் சோனி நிறுவனம் வாக்மன் என்னும் சிறிய காசெட் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த முதல் வாக்மனில் ஹெட்போனைச் செருகுவதற்கு இரண்டு துளைகள் இருந்தன. இருவர் ஒரே பாட்டைக் கேட்கலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் பாட்டு தணியும். ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழும். தனியே கேட்பதற்கென்று ஒரு கருவியைச் செய்தவர்களுக்கே, மனிதன் முற்றிலும் தனியே கேட்க விரும்புவானா என்னும் ஐயம் இருந்தது போலும்! பின்னர் வந்த கருவிகளில் பெரும்பாலும் ஒரு துளையே எஞ்சியது.

2001ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி ஆப்பிள் நிறுவனம் ஐபாட் என்னும் கருவியை அறிமுகப்படுத்தியது. அதில் 5 ஜிகாபைட் அளவுள்ள சேமிப்புத் தட்டு இருந்தது. ஏறக்குறைய ஆயிரம் பாடல்களை அதில் நிரப்பலாம். அலமாரி நிறையக் காசெட்டுகளை அடுக்கி வைத்திருந்த குடும்பங்கள் அந்தச் செல்வம் முழுவதையும் ஒரு சீட்டுக்கட்டின் அளவுள்ள பெட்டிக்குள் கொண்டுவந்துவிட்டன. ஆனால் காசெட் பெட்டியைப் போட்டால் வீடு முழுவதும் கேட்கும். இந்தப் புதிய கருவியைப் போட்டால் ஒருவருக்கு மட்டுமே கேட்கும். களஞ்சியம் பெருகிற்று, பந்தி சுருங்கிற்று.

கைக்கருவி ஏன் தானாகவே ஓர் அறையை நிரப்ப முடிவதில்லை? இதை அறிந்துகொள்வது பெட்டி வாங்கும்போதும் உதவும். ஹெட்போன் காதோடு ஒட்டியிருக்கிறது. அது அசைக்க வேண்டிய காற்று, காதின் துளையிலும் மடலிலும் அடங்கிய சிறிதளவு காற்றே. அதற்கு ஒரு வாட்டின் ஆயிரத்தில் சில பங்கு மின்சக்தி போதும். ஓர் அறையின் காற்றை அசைப்பதோ வேறு வேலை. அதற்குச் சில வாட்டுகளாவது வேண்டும். அகன்ற கூம்பு வேண்டும். அக்கூம்பு முன்னும் பின்னும் அசைய இடம் வேண்டும்.

இதில் தாழ்ந்த ஒலிகளே பெருந்தொல்லை தருவன. ஓர் ஒலியின் அதிர்வு எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால், அதே வலிமையோடு அதை எழுப்புவதற்குக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். கைபேசியினுள் இருக்கும் சின்னஞ்சிறு கூம்புக்கு அந்த இடம் ஏது? ஆகையால்தான் கைபேசியை மேசைமேல் வைத்துக் கச்சேரி கேட்டால், மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்கள் தெளிவாகக் கேட்கின்றன. தொப்பியின் கும்காரம் காணாமற் போகிறது. தவிலிலும் அப்படியே. பாடகரின் குரல் மட்டும் எப்படியோ அடையாளம் தெரிகிறது. அது கருவியின் திறமையன்று. நம் செவியின் திறமை. மேலே எழும் கிளையொலிகளைக் கொண்டு, கேளாத ஆதார ஒலியை மூளை தானே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது.

கூம்பு பெரிதாயிருந்தால் மட்டும் போதாது. அதற்கு ஒரு பெட்டியும் வேண்டும். கூம்பு முன்னே வரும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது. பின்பக்கக் காற்று தளர்கிறது. வினாடிக்கு 100 அதிர்வுள்ள ஒலியின் அலை ஏறக்குறைய 11 அடி நீளமுள்ளது. அத்தகைய நீண்ட அலை சிறிய கூம்பின் விளிம்பைச் சுற்றி எளிதில் வளைந்து செல்லும். முன்னலையும் பின்னலையும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடும். பின்னலையை அடைத்து வைப்பதே பெட்டியின் முதல் வேலை. சில பெட்டிகளில் ஒரு குழாய் வாய் தெரியும். காலிப் புட்டியின் வாயில் ஊதினால் ஓர் ஒலி எழுகிறதே, அதே தத்துவப்படி அக்குழாய் தாழ்ந்த ஒலிகளுக்கு வலுவூட்டுகிறது. அதைத் துணியால் மூடுவதும், சுவரோடு ஒட்டி அடைப்பதும் கூடாது.

ஐபாட் வைத்திருந்தவர்களுக்காக இத்தகைய பெட்டிகள் விரைவிலேயே கடைக்கு வந்தன. படகு துறையில் வந்து நிற்பது போலக் கருவி வந்து பொருந்தும் பெட்டி ஆதலால், துறை என்று பொருள்படும் ‘டாக்’ என்னும் சொல்லே அதற்குப் பெயராயிற்று. 2003ஆம் ஆண்டில் ஐபாடின் அடியில் 30 ஊசிகள் கொண்ட தட்டையான இணைப்பு வாய் அமைந்தது. அதே வாய்க்கு ஏற்ற செருகியைத் தலையில் தாங்கிய ஒலிப்பெட்டிகளைப் பல நிறுவனங்கள் செய்தன. போஸ் நிறுவனத்தின் சவுண்ட்டாக் 2004இல் வந்தது. 2006 பிப்ரவரி 28ஆம் தேதி ஆப்பிள் நிறுவனமே ஐபாட் ஹை-ஃபை என்னும் பெட்டியை 349 டாலர் விலையில் வெளியிட்டது. மின்கல அடைப்பு நீங்கலாகவே அதன் எடை ஆறரைக் கிலோவுக்கு மேல். மறு ஆண்டே அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. பிற நிறுவனங்களின் பெட்டிகள் மட்டும் உலகெங்கும் வீடுகளில் இடம்பெற்றன. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மகனோ மருமகளோ பெற்றோருக்கு வாங்கி வந்த பரிசாக, நம் நாட்டுக் கூடங்களிலும் அவை பல அமர்ந்தன.

அப்பெட்டிகளின் வாழ்வு எங்கே முறிந்தது என்பதே கவனிக்கத்தக்கது. கூம்பு கிழியவில்லை, பெட்டி உடையவில்லை. செருகிதான் மாறிற்று. 2008இல் வந்த சில கருவிகள் பழைய செருகியில் பொருந்தின, பாடவும் பாடின. ஆனால் முன்னாளைய பெட்டிகள் சில வேறொரு மின்னழுத்தத்தில் மின்சாரம் தந்தமையால், மின்னூட்டம் ஏறவில்லை. 2012 செப்டம்பரில் ஐபோன் 5 வந்தபோது 30 ஊசி வாயே போய், லைட்னிங் என்னும் சிறிய வாய் வந்தது. அன்றுமுதல் பழைய பெட்டிகள் தலையில் ஒரு பயனற்ற முளையோடு பரண் ஏறலாயின. 2022 மே 10ஆம் தேதி ஐபாட் வரிசைக்கே முடிவு அறிவிக்கப்பட்டது. ஒலியை எழுப்பும் உறுப்புகள் இருபது ஆண்டு உழைக்க வல்லவை. அவற்றோடு கருவியை இணைக்கும் உறுப்போ பத்து ஆண்டுகூடத் தாங்கவில்லை. எனவே ஒலிப்பெட்டி வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டுவது, எத்தனை வகையில் அதனுள் ஒலியைச் செலுத்தலாம் என்பதே.

பரணில் உறங்கும் பெட்டியை எழுப்ப வழியுண்டு. அதன் பின்புறத்தைப் பாருங்கள். ஆக்ஸ் என்று எழுதிய, மூன்றரை மில்லிமீட்டர் அளவுள்ள உருண்டைத் துளை ஒன்று இருக்கக்கூடும். இருந்தால், இருமுனையும் ஊசியுள்ள ஒரு கம்பியால் எந்தக் கைபேசியையும் அதனோடு இணைக்கலாம். கைபேசியில் ஹெட்போன் துளை இல்லாவிட்டால் அதற்கென ஒரு சிறு இணைப்பான் கிடைக்கிறது. பெட்டியில் ஆக்ஸ் துளையே இல்லையாயின், 30 ஊசி முளைமேல் பொருத்தத்தக்க புளூடூத் ஏற்பிகள் உண்டு; கம்பியின்றியே பாடலாம். டில்லியின் லஜ்பத்ராய் மார்க்கெட், மும்பையின் லாமிங்டன் ரோடு, கல்கத்தாவின் சாந்தினி சவுக், பெங்களூரின் எஸ்.பி. ரோடு போன்ற கடைத்தெருக்களில் இவற்றை விசாரித்துப் பார்க்கலாம். பெட்டியில் சிறு பழுதிருந்தால் அதைப் பார்த்துத் தருவோரையும் அங்கே தேடலாம்.

பெட்டியோடு பழைய ஐபாடும் அகப்பட்டால், எல்லாவற்றுக்கும் முன்பாகச் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அதன் உடல் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் மின்கலம் கெட்டதென்று பொருள். மின்னூட்டம் செய்யாமல், அறிந்தவரிடம் கொடுங்கள். நலமாயிருந்தால், அதிலுள்ளவற்றைக் கணினிக்கு மாற்றி, இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். சினிமாப் பாட்டுகள் வேறெங்கும் கிடைக்கும். பாட்டி பாடிய தாலாட்டை என்றோ ஒருவர் காசெட்டில் பதிந்து, பின்னொருவர் அதை இக்கருவிக்குள் ஏற்றி வைத்திருந்தால், அது எந்தக் கடையிலும் கிடைக்காது. சுழலும் தட்டும் மின்கலமும் கொண்ட கருவி எந்நாளும் இருக்குமென்று நம்புவதற்கில்லை.

புதிதாக வாங்குவோர், புளூடூத் மட்டும் உள்ள பெட்டியைவிட ஆக்ஸ் துளையும் உடன் உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நலம். ஒரே பெட்டிக்குள் இரண்டு கூம்புகள் அரையடி இடைவெளியில் இருந்தால், இடமும் வலமுமாகப் பிரித்துப் பதிந்த இசை ஒன்றாகவே கேட்கும். அந்தப் பிரிவை விரும்புவோர் தனித்தனியான இரண்டு பெட்டிகளை ஆறடி இடைவெளியில் வைத்துக்கொள்ள வேண்டும். வைக்கும் இடமும் முக்கியம். சுவரை அடுத்து வைத்தால் தாழ்ந்த ஒலி பெருகும். மூலையில் வைத்தால் பின்னும் பெருகிக் குழம்பும். நம் நாட்டு வீடுகளில் தரை வழவழப்பான கல், சுவரோ வெறும் பூச்சு, இரண்டும் எதிரொலிக்கும். ஒரு ஜமக்காளத்தை விரித்து, சன்னலுக்குத் திரை போட்டால், சொற்கள் தெளிவடைவதை உடனே உணரலாம். அடுக்குமாடியில் வாழ்வோர் பெட்டியைத் தரையிலோ பொதுச்சுவரிலோ ஒட்டி வைக்காதிருப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதை. தாழ்ந்த ஒலியே சுவர் கடந்து செல்வது.

இவ்வளவு தொல்லை எதற்கு, ஆளுக்கொரு ஹெட்போன் போதாதா என்று கேட்கலாம். செவியின் நலத்தை முதலில் சொல்லலாம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால், பெரியவர்களுக்கு 80 டெசிபெலும் குழந்தைகளுக்கு 75 டெசிபெலும் எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வரையறை கூறுகிறது. ஹெட்போனுக்குள் ஒலி எல்லை மீறுவதைப் பிறர் அறிய முடியாது; கூடத்தில் மீறினால் வீட்டில் யாராவது ஒருவர் “கொஞ்சம் குறை” என்று சொல்லிவிடுவார்.

ஆயினும், வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. தமிழகத்தில் தமிழ் கேளாமலே வந்து காதில் விழுகிறது. தேநீர்க் கடையில் பாட்டு, பேருந்தில் பாட்டு, மார்கழியில் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு. அங்கே வளரும் குழந்தை அவற்றைக் கேட்க உட்காருவதில்லை, ஆயினும் கேட்டுவிடுகிறது. கரோல்பாகிலோ மாதுங்காவிலோ ஜாம்ஷெட்பூரிலோ வளரும் குழந்தைக்குத் தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம், விளையாடும் இடத்தில் அவ்வூர் மொழி. அவையும் வேண்டியவையே. ஆனால் தமிழகத்தில் தெரு செய்யும் வேலையை இங்கே வீட்டுக் கூடமே செய்தாக வேண்டும்.

தந்தை ஹெட்போனில் கேட்கும் பாட்டு, அது எத்தனை உயர்ந்த பாட்டாயினும், மகள் காதில் விழுவதில்லை. கூடத்தில் ஒலித்தாலோ, கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் குழந்தை தலை நிமிராமலே, “அம்மா, கழனி என்றால் என்ன?” என்று கேட்கும். அம்மா அரிசி களைந்த நீரைச் சொல்வாள். உள்ளேயிருந்து தாத்தா வயலைச் சொல்வார். இரண்டும் சரிதான். ஒரு சொல்லுக்கு இரு பொருள் என்று பாடம் நடத்தாமலே பாடம் நடந்துவிடுகிறது. இலக்கணப் புத்தகத்தை விரித்து வைத்தால் ஓடிவிடும் பிள்ளை, பாட்டின் வழியாக வந்த சொல்லைத் தானே பிடித்துக்கொள்கிறது.

இதற்காக நாள் முழுவதும் பெட்டியை முழக்க வேண்டியதில்லை. அப்படி முழக்கினால் அது வெறுப்பையே வளர்க்கும். காலையில் அரை மணி, இரவுச் சாப்பாட்டின்போது அரை மணி போதும். பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளலாம்: ஒரு நாள் பாட்டிக்கு, ஒரு நாள் பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இந்திப் பாட்டையே போட்டாலும் பெரியவர்கள் பொறுமையோடு கேட்பது நலம். கேட்கப்பட்டவர்கள்தாம் பிறரையும் கேட்பார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி, பின்புறத்தில் அந்த உருண்டைத் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.