வட்டத்தை அளக்க ஒரு நூல் போதும்



பிள்ளை கணிதப் புத்தகத்தை விரித்ததும், “நமக்கென்ன தெரியும், ஆசிரியர் பார்த்துக்கொள்வார்” என்று ஒதுங்கிவிடும் பெற்றோர் நம்மிடையே பலர் உளர். வட்டத்தின் சுற்றளவைப் பொறுத்தவரை அவ்வாறு ஒதுங்க வேண்டியதில்லை. அது தோட்டத் தொழிலோடு ஒட்டிய கணக்கு. தரையிலிருந்து 150 சென்டிமீட்டர் உயரத்தில் 45 சென்டிமீட்டர் சுற்றளவை எட்டிய ஒட்டுமரமே பால்வெட்டுக்கு ஏற்றதெனக் கொள்ளப்படுகிறது. மரத்தைச் சுற்றி நாடா பிடிக்கும் கைக்குச் சுற்றளவு என்பது புதிய பொருளன்று.

இதனை வீட்டிலேயே கற்பிக்கலாம். நூல், அளவுகோல், ஒரு தகரக் குவளை, ஒரு வாளி ஆகியவை போதும். குவளையின் இருபுறமும் இரண்டு தடித்த புத்தகங்களை ஒட்டி நிறுத்துங்கள். குவளையை எடுத்தபின் எஞ்சும் இடைவெளியே அதன் விட்டம். அந்நீளத்திற்கு நான்கு நூல் துண்டுகள் வெட்டுங்கள். குவளையை ஒருமுறை சுற்றிவர எத்தனை துண்டுகள் வேண்டும் என்று பிள்ளையைக் கேளுங்கள். விடையை நாம் சொல்லிவிடலாகாது. இரண்டு என்றாலும் நான்கு என்றாலும், பிள்ளையே சுற்றிப் பார்க்கட்டும். மூன்று துண்டுகள் சுற்றியபின் சிறிது இடம் எஞ்சும். அது விட்டத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு.

அடுத்து வாளியின் வாயை அளக்கச் செய்யுங்கள். வாயின் குறுக்கே நூலை மெல்ல நகர்த்தினால், மிக நீண்டு நிற்குமிடத்தில் விட்டம் கிடைக்கும். விளிம்பைச் சுற்றும்போது நூல் தளரவும் சாயவும் கூடாது. விட்டம் 7 சென்டிமீட்டர் எனில் சுற்றளவு ஏறத்தாழ 22. விட்டம் 28 எனில் 88. வட்டம் சிறிதாயினும் பெரிதாயினும், அம்மூன்றும் ஏழில் ஒன்றும் மாறுவதில்லை. இதுவே பாடத்தின் உயிர். ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ், இவ்விகிதம் மூன்றே ஏழில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவானது என நிறுவினார். பள்ளியில் ‘பை’ என்றும் 22/7 என்றும் எழுதப்படுவது இதுவே.

இதனை முன்கூட்டியே ஏன் கற்பிக்க வேண்டும்? நம் நாட்டுப் பாடத்திட்டத்தில் இச்சூத்திரம் இரண்டாம் படிவத்தில் வருகிறது. அங்குப் பெரும்பாலும் மலாய்மொழியில், ‘லிலித்தான்’ என்ற சொல்லோடு வருகிறது. முன்பின் அறியாத பிள்ளைக்குச் சொல்லும் புதிது, பொருளும் புதிது. சூத்திரத்தை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும். தமிழ்ப்பள்ளிப் பருவத்திலேயே நூலால் அளந்தறிந்த பிள்ளைக்கோ சொல் ஒன்றே புதிது. கணிதத்தில் பின்தங்குவதும் முன்னேறுவதும் பலவேளை இத்தகைய சிறு வேறுபாட்டில்தான் தொடங்குகின்றன.

பிள்ளை தேறிவிட்டதா என்று அறிய, மரக்கணக்கையே கேளுங்கள். சுற்றளவு 45 சென்டிமீட்டர் உள்ள மரத்தின் விட்டம் என்ன? 45-ஐ 7-ஆல் பெருக்கி 22-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 14.3 சென்டிமீட்டர். மரத்தை அறுக்காமலேயே அதன் குறுக்களவைச் சொல்லிவிடும் பிள்ளை, சூத்திரம் எதற்கென்பதையும் அறிந்துகொள்ளும்.

பெற்றோர்களே, இதற்குப் படிப்புப் பட்டம் தேவையில்லை. மாலையில் அரைமணி நேரம் பிள்ளையோடு அமர்ந்து நூல் பிடியுங்கள்.