பசியும் நித்திரையும்

வயிறார உண்டவன் கண்ணயர்வதும், பசித்தவன் பாயிற் புரண்டு கிடப்பதும் நாம் அன்றாடங் காண்பவை. உண்டதும் இரத்தமெல்லாம் வயிற்றுக்குப் போய்விடுகின்றது என்று இதற்குக் காரணங் கூறுவோர் இன்றும் உளர். அது போதிய விளக்கமன்று. மூளையின் அடியிலே ஐப்போதலமசு என்னும் சிறு பகுதி உண்டு. காரணத்தை அங்கேதான் தேடவேண்டும்.

1951 ஆம் ஆண்டில், யேல் பல்கலைக்கழகத்திலே ஆனந்த், புரொபெக் என்னும் இருவர் எலிகளில் அப்பகுதியின் இரு பக்க ஓரங்களையுஞ் சிதைத்துப் பார்த்தனர். உணவு முன்னே இருந்தும் அவ்வெலிகள் அதனைத் தீண்டவில்லை. அவ்விடம் பசிக்குரியது என்ற கருத்து நிலைபெற்றது. 1998 இல் அவ்விடத்து நரம்புக்கலங்கள் ஆக்கும் ஒரு பொருளை இரு குழுவினர் தனித்தனியே கண்டறிந்தனர். அதனை மூளைக்குட் செலுத்தியபோது எலிகள் மிகுதியாக உண்டன. எனவே சக்குராய், யனகிசாவா ஆகியோரின் குழு, பசியைக் குறிக்குங் கிரேக்கச் சொல்லைக்கொண்டு அதற்கு ஒரெக்சின் எனப் பெயரிட்டது.

பெயர் பாதி உண்மையையே கூறிற்று. 1999 இல், ஒரெக்சின் இல்லாமற் பிறந்த சுண்டெலிகளை இருளிலே படம்பிடித்துப் பார்த்தனர். ஓடியாடி நின்றவை திடீரெனச் சாய்ந்து கிடந்தன! ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் வளர்க்கப்பட்ட டோபர்மன் நாய்கள் சிலவற்றுக்கும் இத்தகைய பரம்பரை நோய் இருந்தது. விருப்பமான உணவைக் கண்ட மகிழ்ச்சியிலேயே அவை கால் தளர்ந்து விழும். அந்நாய்களின் மூளை, ஒரெக்சின் தரும் செய்தியை ஏற்க இயலாதது என்பது அதே ஆண்டில் தெளிவாயிற்று. மறு ஆண்டு, இந்நோயுற்றிருந்த மனிதரின் மூளையிலும் அக்கலங்கள் பெரும்பாலும் அற்றுப்போயிருந்தமை தெரியவந்தது. மனிதரில் இது பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலேயே தலைகாட்டும். இரவு நன்கு துயின்றும் வகுப்பில் ஓயாது உறங்கும் மாணவனைச் சோம்பேறி என ஏசும் ஆசிரியர், அவனை முதலில் வைத்தியரிடம் அனுப்புவது நன்று.

பசிக்கும் விழிப்புக்கும் ஒரே பொருள் ஏன்? 2003 இல் வெளிவந்த ஆய்வொன்று இதற்கு விடை தந்தது. இரத்தத்திற் குளுக்கோசு மிகுந்தால் அக்கலங்கள் அடங்குகின்றன, குறைந்தால் கிளர்ந்தெழுகின்றன. கொழுப்பிலிருந்து வரும் லெப்ரின் என்னும் ஓமோன் அவற்றை அடக்கும். வெறுவயிறு அனுப்பும் கிரெலின் அவற்றை எழுப்பும். காட்டிலே பசித்த விலங்கு உறங்கிக் கிடந்தால் இரை தானாக வந்து வாயில் விழாது, எழுந்து தேடவேண்டும். அவ்வாய்விற் பட்டினியிட்ட சுண்டெலிகள் நெடுநேரம் விழித்து அலைந்தன. அக்கலங்கள் அழிக்கப்பட்ட சுண்டெலிகளோ, அதே பட்டினியிலும் அவ்வாறு விழித்தெழவில்லை.