குல்பதன் எழுதிவைத்த வீட்டுக் கதை

1526-இல் பானிபட்டில் பாபர் வென்றார் என்று எல்லா வரலாற்று நூல்களும் சொல்லும். அந்த வெற்றி காபூலில் இருந்த அவர் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று சொல்பவர் அவர் மகள் குல்பதன் பேகம்தான். வீட்டுப் பெண்களுக்குத் தட்டுத் தட்டாக மணிகளும் பொற்காசுகளும் வந்தன. அசஸ் என்ற பழைய ஊழியருக்கு மட்டும் ஒரே ஒரு காசு என்று செய்தி வந்தது. பாவம், மனிதர் மூன்று நாள் குமைந்துபோனார். பிறகு அவர் கண்ணைக் கட்டிக் கழுத்தில் அந்தக் காசைத் தொங்கவிட்டார்கள். பல சேர் எடையுள்ள பொற்காசு அது! மகிழ்ச்சி தாங்காமல் திண்டாடிப்போனாராம் அசஸ்.

இதெல்லாம் வரலாறா, வீட்டு அரட்டைதானே என்று கேட்கலாம். அப்போது குல்பதன் சின்னக் குழந்தை. பேரரசர் அக்பர் கேட்டுக்கொண்டதால் 'ஹுமாயூன் நாமா' என்ற நூலில் இதை எழுதியபோது குல்பதனுக்கு அறுபது வயதுக்கு மேல். நினைவு பிசகியிருக்கலாம் என்பதும் நியாயமான ஐயமே. போர்த் தேதிக்கு இந்த நூலை நம்பவேண்டாம். ஆனால் குல்பதனின் அண்ணனான அரசர் ஹுமாயூனை மணக்க ஹமீதா பானு நாற்பது நாள் மறுத்தார் என்று அவர் எழுதுகிறாரே, அரசனுக்கே 'முடியாது' என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு பெண்ணால் முடிந்தது என்பதை எந்தப் போர்க்குறிப்பு நமக்குச் சொல்லும்? அந்த ஹமீதா, குல்பதனோடு நெருங்கி வாழ்ந்தவர்; ஆகவே இதை அவரிடமிருந்தே குல்பதன் கேட்டிருக்கலாம். இந்த ஹுமாயூன் நாமாவுக்கு அறியப்பட்ட கைப்பிரதி ஒன்றே ஒன்றுதான், லண்டனில் இருக்கிறது. அதிலும் கடைசிப் பக்கங்கள் இல்லை.