வால்யூம் குரூப்பும் நம் ஊர் எல்லைக்கோடும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



என் தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. அதில் ஒரே ஒரு சங்கதியை எடுத்துக்கொள்கிறேன்: கறுப்புத் திரையில் கமாண்ட் அடித்து டிஸ்குகளைக் கட்டி மேய்ப்பது.

1960 மார்ச் வரை நம்ம திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, அந்த ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மலை நகர்ந்ததா? 365 படியில் ஒரு படியாவது இடம் மாறியதா? இல்லை. பதிவேட்டில் கோடு மாறியது, அவ்வளவுதான்.

லினக்ஸில் எல்விஎம் என்று ஒன்று உண்டு. 1998-இல் ஹெய்ன்ஸ் மாவெல்ஷாகன் எழுதத் தொடங்கியது. அதுவும் இப்படிப் பதிவேடு வைத்துத்தான் நடக்கிறது. பல டிஸ்குகளை ஒரே வால்யூம் குரூப்பாகச் சேர்க்கும். இடத்தை வழக்கமாக 4 எம்.பி. துண்டுகளாகப் பிரிக்கும், ஒரு ஜி.பி.க்கு 256 துண்டு. எந்தத் துண்டு யாருக்கு என்பதைத் தன் ஏட்டில் எழுதிக்கொள்ளும். இடம் போதவில்லையா? புது டிஸ்கைப் பிவிகிரியேட் செய்து, விஜிஎக்ஸ்டெண்ட் அடித்தால் குரூப் பெரிதாகிவிடும். ஒரு பைட்கூட நகராது.

நிஜமாகவே நகர்த்த வேண்டிய நாளும் வரும். ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். பகலெல்லாம் ஜனங்கள் வரிசையில் நிற்கிற இடம். பழைய டிஸ்க் பிழை காட்ட ஆரம்பித்தது. சர்வரை நிறுத்த வழியில்லை. புது டிஸ்கைக் குரூப்பில் சேர்த்து, பிவிமூவ் என்று அடித்தோம். உள்ளே துண்டு துண்டாகக் குடி பெயர்கிறது, வெளியே வேலை நடந்துகொண்டே இருக்கிறது! நடுவில் கரண்ட் போனாலும் மறுபடி பிவிமூவ் அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். முடிந்ததும் விஜிரெட்யூஸ் அடித்துப் பழையதைக் கழற்றினோம். அதில் தரவு மிச்சமிருந்தால் விஜிரெட்யூஸ் மறுத்துவிடும். எனக்கு இந்தக் கமாண்டைப் பிடிப்பதே அதனால்தான். ஆனால் டிஸ்க் முழுசாகச் செத்தபின் பிவிமூவ் ஒன்றும் செய்யாது. பிழை தெரிந்த அன்றே செய்யவேண்டும்.

பிவிகிரியேட்டை எந்த டிஸ்கில் அடிக்கிறோம் என்பதை எல்எஸ்பிஎல்கே போட்டு, அளவைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரையும் பார்க்கச் சொல்லிவிட்டு அடியுங்கள். எல்விஎக்ஸ்டெண்டோடு மைனஸ் ஆர் சேர்க்காமல் விட்டால் வால்யூம் வளரும், உள்ளே இருக்கிற ஃபைல் சிஸ்டம் வளராது. "இடம் கொடுத்தும் நிரம்பிடுச்சுன்னு சொல்லுதே சார்" என்று போன் வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்னொன்று. இரண்டு டிஸ்க் சேர்ந்திருப்பதாலேயே பாதுகாப்பு என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். இரண்டிலும் பரவிய வால்யூமில் ஒன்று போனால் மொத்தமும் போச்சு. எல்விஎம் தானாக எடுத்துவைக்கிற பேக்கப் அந்தப் பதிவேட்டுக்கு மட்டும்தான். உங்கள் தரவுக்கு அல்ல. அதை வேறொரு பெட்டியில் நீங்கள்தான் வைக்கவேண்டும்.

மாணவர்களே, பழக டிஸ்க் வாங்க வேண்டாம். ட்ரங்கேட் கமாண்டால் 200 எம்.பி.யில் மூன்று வெற்று ஃபைல் உண்டாக்கி, லாஸ்செட்டப் போட்டால் அவையே டிஸ்க் மாதிரி நடிக்கும். உடைத்துப் பாருங்கள், செலவில்லை. சாயங்காலம் வரை இங்கேதான் இருப்பேன், லேப்டாப்பும் இருக்கிறது. செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வரலாம்.