வீட்டுக் கணிப்பொறியில் வேலைப் பங்கீடு

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



நம் கழகம் தோன்றிய நாளில், வீட்டுக் கணிப்பொறி என்றால் அதனுள் ஒரே ஒரு செயலிதான் இருக்கும். விலை மலிந்த செலரான் செயலிகள் இரண்டைப் பொருத்தத்தக்க பிபி6 என்னும் பலகையை அபிட் நிறுவனம் 1999-இல் வெளியிட்டது. ஆனால் அன்று வீடுகளில் வழங்கிய விண்டோஸ் 98, இரண்டாவது செயலியைத் திரும்பியும் பார்க்கவில்லை. விண்டோஸ் என்டி, லினக்ஸ் போன்றவையே இரண்டையும் வேலை வாங்கின. 2005-இல் இன்டெல், ஏஎம்டி ஆகிய இரு நிறுவனங்களும் ஒரே சில்லில் இரண்டு செயலிகளை அமைத்து, வீட்டுக் கணிப்பொறிகளுக்கென விற்கத் தொடங்கின. 'கோர்' எனப்படுபவை அவையே. இன்று பல கோர்கள் இருப்பது இயல்பாகிவிட்டது.

இத்தனை செயலிகளுக்கும் வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பவர் யார்? இயக்க முறைமைக்குள் அமர்ந்திருக்கும் 'ஷெட்யூலர்' என்னும் பகுதியே. எந்தச் செயலி ஓய்ந்திருக்கிறது, எந்த நிரல் காத்திருக்கிறது என்று நொடிக்குப் பன்முறை பார்த்து அது பங்கிடுகிறது. கூடியவரை ஒரு நிரலைப் பழைய செயலியிலேயே வைத்திருக்கவும் முயல்கிறது. ஏனெனில் அந்நிரலுக்கு வேண்டிய செய்திகள் அச்செயலியின் 'கேஷ்' நினைவகத்தில் சேர்ந்திருக்கும். இடம் மாறினால் அவற்றை மீண்டும் திரட்ட வேண்டிவரும். ஆகவே பெரும்பாலான நாட்களில் நாம் தலையிட வேண்டுவதில்லை.

தலையிட வேண்டிய நாளும் வரும். நம் படிப்பகத்தில் ஒரு மாலை, விழா வீடியோவைச் சுருக்கும் வேலை ஒரு கணிப்பொறியில் ஓடிக்கொண்டிருந்தது. அதே கணிப்பொறியில் மாணவி ஒருவர் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். அன்றே கடைசி நாள். தட்டிய எழுத்து திரைக்கு வர நேரமாயிற்று, பக்கம் நகரவில்லை. வீடியோ வேலையை நிறுத்தி விண்ணப்பத்தை முடித்தோம். ஆனால் மூன்று மணி நேர உழைப்பு வீணாயிற்று. பொறி பழையதாகிவிட்டது, புதியது வாங்குவோம் என்றுகூடப் பேசினோம். பின்னர் ஆராய்ந்தபோதுதான் குறை பொறியில் இல்லை, நம்மிடமே என்று உணர்ந்தோம். சுருக்கும் நிரல் நான்கு செயலிகளையும் ஒருசேரப் பற்றிக்கொண்டிருந்தது.

அதற்குச் செய்ய வேண்டியது எளிது. விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் 'டீட்டெயில்ஸ்' பகுதியில் நிரலின் பெயர்மீது மவுசின் வலப் பொத்தானை அழுத்தினால் 'செட் அஃபினிட்டி' என்னும் வரி தோன்றும். செயலிகள் 0, 1, 2, 3 என்று எண்ணிடப்பட்டிருக்கும். வீடியோ நிரலுக்கு 2, 3 ஆகியவற்றை மட்டும் விட்டு, மற்றவற்றின் குறியை நீக்கினால் போதும். லினக்ஸில் இதே வேலையை 'டாஸ்க்செட்' என்னும் கட்டளை செய்கிறது.

இங்கே பலரும் தவறும் இடம் ஒன்றுண்டு. ஒரு நிரலை ஒரு செயலியில் கட்டினால் அச்செயலி அதற்கே உரிமையாகிவிடும் என்று எண்ணுகிறார்கள். அவ்வாறன்று. அந்நிரல் வேறிடம் செல்லக்கூடாது என்பதே அதன் பொருள்; பிற நிரல்கள் அங்கு வருவதற்குத் தடையேதுமில்லை. ஆகவே விண்ணப்பப் பக்கத்தைக் கட்டிப்போடுவதால் பயனில்லை. எல்லாவற்றையும் விழுங்கும் பெரிய நிரலுக்குத்தான் வேலி போட வேண்டும்.

வேலிக்கு விலையும் உண்டு. நான்கில் இரண்டைப் பெற்ற வீடியோ வேலை மெதுவாகவே முடியும். 'ஹைப்பர் த்ரெடிங்' உள்ள பொறிகளில் ஒரே கோர் இரண்டு செயலிகளாகக் கணக்கில் காட்டப்படும். அவ்விரண்டிலும் இரு கனத்த வேலைகளை ஏற்றினால் ஒரே கோரின் மீதுதான் இரண்டு சுமையும் விழும். நிரலை மூடித் திறந்தால் நாம் இட்ட கட்டு மறைந்துவிடும் என்பதையும் நினைவிற் கொள்க. தாமதத்திற்குக் காரணம் நினைவகப் பற்றாக்குறையோ வட்டின் மந்தமோ ஆனால் இம்முறை உதவாது.

இதனினும் மென்மையான வழி ஒன்றுண்டு. அதே பட்டியலில் உள்ள 'செட் பிரையாரிட்டி' வரியில் 'பிலோ நார்மல்' என்பதைத் தெரிவு செய்தால், பிறர்க்கு வேலை இல்லாதபோது வீடியோ நிரல் எல்லாச் செயலிகளையும் பயன்படுத்தும். பிறர் வந்தால் வழிவிடும். முதலில் இதைச் செய்து பார்த்து, போதாவிடில் வேலி போடுவதே முறை.

இளைஞர்களே, வீட்டிற்கு ஒரு கணிப்பொறி இருப்பதே அரிதாயுள்ள தெருக்களிலிருந்து நாம் வந்திருக்கிறோம். அண்ணனின் வேலையும் தங்கையின் தேர்வும் அந்த ஒன்றிலேயே நடந்தாக வேண்டும். உள்ளதை முழுமையாகப் பயன்படுத்த அறியாமல் புதியதற்குக் கடன்படுவது நமக்குத் தகாது. அன்று விண்ணப்பம் நின்றுபோயிருந்தால், அம்மாணவியின் ஓராண்டுப் படிப்பே தடைப்பட்டிருக்கலாம். ஆகவே இன்றே படிப்பகத்துப் பொறியில் இம்முறையைச் செய்து பாருங்கள். கற்றதை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுங்கள்.